வன்னியின் தேசப்படமும் ஓவியனின் தூரிகையும்

கலைஞன் எப்பொருளை எடுத்துக்கொள்ளலாம், எப்பொருளை எடுத்துக்கொள்ளலாகாது என்று சட்டமியற்றுவது விமர்சனத்தின் வேலையன்று. மலரையும் மலையையும் மனித முகத்தையும் வரைந்த தூரிகை இன்று தேசப்படத்தையும் தன் பொருளாக்கிக் கொண்டிருக்கிறது. பழைய நிலப்படங்களையும் இக்கால அளவைப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓவியம் படைக்கும் முறை பல நாடுகளில் பரவியுள்ளது, இலங்கையிலும் வேரூன்றியுள்ளது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் வரவேற்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. மலர் தானாகப் பூத்தது. தேசப்படமோ ஒருவர் மற்றொருவரின் தேவைக்காக வரைந்து கொடுத்தது. அதனைக் கையிலெடுக்கும் ஓவியன் அத்தேவையையும் சேர்த்தே எடுக்கிறான். அறிந்து எடுக்கிறானா, அறியாமல் எடுக்கிறானா? இக்கேள்வியை வன்னிப் பெருநிலத்தை முன்வைத்துக் கேட்க விரும்புகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் மக்கள், தாளில் விழும் ஒரு கோடு என்னவெல்லாம் செய்யவல்லது என்பதை உடம்பால் அறிந்தவர்கள்.

வன்னி எவ்வாறு தேசப்படத்தில் ஏறியது என்பதை முதலிற் பார்ப்போம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி தொகுத்த குறிப்புகளைக் கொண்டு பிற்காலத்தார் வரைந்த படங்களில், 'தப்ரபேன்' என்ற பெயரில் இலங்கை தன் உண்மையான அளவைவிடப் பன்மடங்கு பெரிதாகக் காட்சி தருகிறது. வணிகரும் மாலுமிகளும் சொன்ன செய்திகளிலிருந்து பிறந்த படம் அது. பண்டங்களின் பெருமையே தீவின் பருமனாகிவிட்டது போலும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் சமய போதகராக இருந்த பல்தேயஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலிலும் தேசப்படங்கள் உண்டு. கண்டியரசனிடம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் அனுராதபுரம் வழியாகத் தப்பி அரிப்பை அடைந்தார். 1681இல் நூலும் படமும் வெளியிட்டார். கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே தமிழர் வாழும் ஒரு நாடும் அதற்கொரு வன்னியனும் இருப்பதை அவர் எழுதிவைத்தார். அந்நியர் இந்த நிலத்தில் எதைத் தேடினர்? வன்னியர் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியது யானை. ஆகவே படம் வரைந்தவர் கண்ணுக்கு யானை தெரிந்தது, காடு தெரிந்தது, துறைமுகம் தெரிந்தது. உழுதவன் தெரியவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்குறை தீர்ந்ததா? 1800ஆம் ஆண்டில் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. சங்கிலியும் திசைகாட்டியும் காட்டுக்குள் நுழைந்தன. படம் நுட்பமாயிற்று, உண்மைதான். ஆனால் அந்நுட்பத்தோடு கைகோத்து வந்தது 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம். உரிமைக்குச் சான்று காட்டப்படாத காடும் தரிசும் அரசுக்கே உரியவை என்று கொள்ளப்பட்டன. சேனை வெட்டி, சில ஆண்டு பயிரிட்டு, மண் தேறுவதற்காக விட்டுவைத்த நிலமும் தரிசாகக் கருதப்பட்டது. படத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடம் சட்டத்தில் அரசநிலமாக மாறியது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைந்நூல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் படங்கள் உருவாயின. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலை சுமார் இருபது ஆண்டுகளில் நிறைவேறியது. 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் எழுந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் குடியேறிய கமக்காரனின் கையில் கிடைத்தது உறுதியன்று, அனுமதிப்பத்திரம். படத்தில் அவனுக்கு ஓர் இலக்கம் இருந்தது. மண்ணோ அரசினுடையதாகவே இருந்தது.

அளவைப் படத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அறிவியல் மக்களுக்குத் தேவை. வாய்க்கால் வெட்டவும் வீதி போடவும் அது இன்றியமையாதது. அது சொல்லாமல் விடுவது எது என்பதே ஓவியனுக்குரிய வினா. வன்னியின் ஊர்ப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள்: மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம், பாவற்குளம், தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டு, உடையார்கட்டு, நெடுங்கேணி, இரணைமடு. குளமும் கட்டும் கேணியும் மடுவுமாக நீரின் பெயராலேயே நிலம் அறியப்படுகிறது. படத்தில் குளம் ஒரு நீலத் திட்டு. அதன் விளிம்பு ஒரே கோடு. குளத்தோடு வாழ்பவனுக்கோ அந்த விளிம்பு ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருப்பது. மாரியில் வான் பாயும்; கோடையில் குளத்தின் வயிற்றில் மாடு மேயும். துருசு எப்போது திறக்கும், சிறுபோகத்துக்கு எவ்வளவு நீர் மிஞ்சும் என்பதே அவன் படிக்கும் தேசப்படம். காணியின் பரப்பையும் அவன் சங்கிலியால் அளக்கவில்லை. இத்தனை புசல் விதைப்பு என்று விதையால் அளந்தான். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு முல்லைத்தீவுக் கரையோரமாக நடந்து செல்லும் அடியார்களிடமும், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை செல்லும் சனங்களிடமும், கால் அறிந்த தேசப்படம் ஒன்று இருக்கிறது. அது எந்தத் திணைக்களத்திலும் விற்பனைக்கில்லை.

இனி, தேசப்படம் மனிதரை வதைத்த கதைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே ஒரு பகுதியைத் 'தாக்குதலற்ற வலயம்' என்று அரசு அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரி 12இல் இரண்டாம் வலயம் புதுமாத்தளன் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரையான கரையோரத்தில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர். மே 8இல் மூன்றாவது வலயம். அது இரண்டு மூன்று சதுர கிலோமீற்றருக்கு மேற்படாது. ஏறத்தாழ 3,30,000 மக்கள் சுருங்கிக்கொண்டே போன நிலத்துக்குள் அகப்பட்டிருந்தனர் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. இவ்வலயங்களுக்குள் அரசபடை எறிகணை வீசியதென்றும், வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்தனர், சுட்டனர் என்றும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டென அக்குழு கூறியது. கோட்டுக்கு உள்ளே வந்தால் உயிர் பிழைக்கலாம் என்று எண்ணிய தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள் வந்தாள். அங்கும் எறிகணை விழுந்தது. நந்திக்கடல் படத்தில் ஒரு நீலத் துண்டு. அந்த மே மாதத்திலோ மக்கள் மார்பளவு நீரில் நடந்த வழி. இந்த மூன்று வலயங்களின் படத்தையும் பார்த்த பின்னர், தேசப்படம் வெறும் அழகிய பழம்பொருள் என்று எவராவது சொல்ல முடியுமா?

கோட்டைப் போலவே பெயரும் ஆளும். மணலாறு 1988இல் அரசிதழ் வழியாக வெலிஓயா ஆயிற்று. பொருளை எடுத்து மொழியை மாற்றிய பெயர் அது. போர் முடிந்ததும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அடைத்துவைத்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி எனப் பெயர் சூட்டினர். இப்பட்டியலின் கடைசிப் பெயரைக் கலைத்துறையினர் கூர்ந்து நோக்க வேண்டும். ஆனந்த குமாரசுவாமி இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் தலைவராக இருந்தவர். பாறைகளை ஆராயவென்று ஊரூராகச் சென்றவர், அழிந்துகொண்டிருந்த கைவினைஞரின் வாழ்வைக் கண்டார்; 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். நிலத்தை அளக்கச் சென்றவன் மனிதனைக் கண்டான் என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம். அப்பெயரை முள்வேலிக்குள் அகப்பட்ட மனிதர்களின் முகவரியாக எழுதிய படம் அப்பாடத்துக்கு முற்றிலும் மாறானது.

இவையனைத்தையும் மனத்திற் கொண்டே தேசப்பட ஓவியங்களை நாம் மதிப்பிட வேண்டும். இவ்வோவியங்களில் ஒருவகை வெறும் அலங்காரம். பழுப்பேறிய தாள், திசைகாட்டி மலர், பாய்மரக் கப்பல், மங்கிய எழுத்து ஆகியவற்றைத் துணியில் ஒட்டி, மேலே சிறிது நீலமும் செம்மண் நிறமும் தடவிவிட்டால் படம் ஆயிற்று. விடுதிகளின் வரவேற்பு மண்டபங்களுக்கு அது பொருத்தமாகவே இருக்கும். வெற்றிகொண்டவனின் கணக்கேட்டைப் பழமையின் அழகென்று இரசிக்க வைப்பதே அதன் பயன். கறை படிந்த தாளின் அழகில் மயங்கும் கண், அத்தாளில் யார் பெயர் விடுபட்டது என்று கேட்பதில்லை. இத்தகைய அழகுணர்ச்சிக்கு நாம் இரங்கத்தான் முடியும்.

இரண்டாவது வகை இதற்கு நேர்மாறானது. தெற்கே தெனியாயவில் 1972இல் பிறந்த சிங்கள ஓவியர் பால பொத்துப்பிட்டிய, அரசு அச்சிட்ட தேசப்படங்களையும் ஒல்லாந்தர் காலக் கோட்டைப் படங்களையும் எடுத்து, அவற்றின்மீதே வரைந்து, நிலத்தின் வடிவத்தை வேறொன்றாக உருமாற்றுகிறார். அவருடைய 'யாழ்ப்பாண தேசப்படம்' என்ற ஆக்கத்துக்கு 2010ஆம் ஆண்டின் 'சொவரின்' ஆசியக் கலைப் பரிசு கிடைத்தது. சடங்குக் கலை பயின்ற மரபில் வந்த இக்கலைஞர், போர் முடிந்த மறு ஆண்டில், வெற்றி முழக்கம் ஓயாத தெற்கிலிருந்து வடக்கின் படத்தைக் கையிலெடுத்தார் என்பதே பாராட்டுக்குரியது. அரசு முத்திரை பதித்த தாளை ஐயுற்றுப் பார் என்று அவர் தம் மக்களுக்குச் சொல்கிறார். நேர்மையான கலைஞனின் செயல் இது. எனினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியாது. அச்சிட்ட தேசப்படத்தையே தளமாகக் கொள்ளும்போது, மேலே நின்று கீழே பார்க்கும் அதன் பார்வையும் ஓவியத்துக்குள் வந்துவிடுகிறது. ஆட்சியின் முகத்தை அது கிழித்துக் காட்டும். மண்ணில் நிற்பவனின் முகத்தைக் காட்ட அதற்கு வழி குறைவு.

அவ்வழியைத் தேடியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயிற்றும் தா. சனாதனன். 'நிறைவுபெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அவருடைய நூல் 2011இல் வெளிவந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி வாங்குவதற்காக எழுதிய காணிப்பதிவு என்பதும், அச்சொல் யாழ்ப்பாணத்து உறுதிகளில் நிலைத்துவிட்டதென்பதும் வாசகர் அறிந்தவை. ஆட்சியாளரின் அந்த ஏட்டின் பெயரை எடுத்துக்கொண்ட ஓவியர், இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் சென்று, விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அவர்கள் வரைந்த கோடுகள், அவற்றைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த படம், ஓவியரின் சொந்தச் சித்திரம் ஆகிய மூன்றும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. படம் வரையும் உரிமை இங்கே கை மாறுகிறது. அளவு தவறிய அறைகளும் கோணிய சுவர்களும் பிழைகளாகத் தோன்றவில்லை. கிணற்றடி அறையைவிடப் பெரிதாக வந்தால், அவ்வீட்டு வாழ்வில் கிணற்றடி எவ்வளவு பெரிது என்பதை அது தெரிவிக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் தமிழரின் வீடுகளும் ஒரே ஏட்டில் இடம்பெறுகின்றன என்பது இந்நூலின் அறம். இதனை நம் காலத்தின் தலைசிறந்த கலைச் செயல்களில் ஒன்றாக நாம் கருதுகிறோம்.

ஆயினும் வன்னியில் நின்று பார்க்கும்போது, அவ்வடிவத்தின் எல்லையும் புலனாகிறது. வீட்டின் படம் வீடிருந்தவனிடமிருந்துதான் தொடங்க முடியும். வன்னியில் பெருந்தொகையான மக்களுக்கு உறுதியும் இல்லை, தோம்பும் இல்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. காந்தீயம் என்ற அமைப்பு அவர்களில் பலருக்குத் துணை நின்றது. அவர்களில் ஒரு பகுதியினர் டொலர், கென்ற் பண்ணைகளில் இருத்தப்பட்டனர். 1984இல் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அதே பண்ணைகளில் சிங்களச் சிறைக்கைதிகளும் குடும்பத்தினரும் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அவர்களைக் கொன்றனர். ஒரே காணியில், ஒரே ஆண்டில், இரு ஏழை மக்கட் கூட்டங்கள் அழிவுக்குள்ளாயின. தேசப்படங்களை அடுக்கடுக்காக வைத்து வரையும் ஓவியன் அடுக்க வேண்டியது எதனை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1672ஆம் ஆண்டின் தாளின்மேல் இன்றைய தாளை வைத்தால் கோடுகள் விலகுவதைக் காட்டலாம். அந்தப் பண்ணையின்மேல் அங்கே வாழ்ந்தவர்களை ஒருவர்மேல் ஒருவராக வைத்தால், காணியின் வரலாறே வெளிப்படும்.

இத்தகைய ஓவியம் நடைமுறையில் இயலுமா என்று சிலர் கேட்கக்கூடும். இயலும் என்பதற்கு அவுஸ்திரேலியா சான்று. மேற்கு அவுஸ்திரேலியாவின் பெருமணற் பாலைவனத்து ஆதிக்குடிகள் தம் நிலவுரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. விசாரணையாளரின் மொழியில் தம் நிலத்தைப் பற்றிப் பேச இயலாது வருந்திய அவர்கள், 1997இல் நாற்பதுக்கு மேற்பட்டோர் ஒன்றுகூடி, ஏறத்தாழ பத்து மீற்றருக்கு எட்டு மீற்றர் அளவான துணியில் தம் நாட்டை வரைந்தனர். 'ஙுரரா' ஓவியம் என்று அது பெயர் பெற்றது. அதில் முதன்மையானவை நீர்நிலைகள். அவரவர் தத்தம் நீர்நிலை வரையப்பட்ட இடத்தில் ஏறி நின்று, அந்நிலத்தோடு தமக்குள்ள உறவைச் சாட்சியமாகச் சொன்னார்கள். 2007இல் அவர்களுடைய உரிமை அங்கீகரிக்கப்பட்டது. ஓவியம் அழகாகவும் இருந்தது; சான்றாகவும் நின்றது. கலை பயன்பட்டால் கலைத்தன்மை கெட்டுவிடும் என்று கூறுவோர் இவ்வோவியத்தின் முன்னே சென்று நின்று பேசட்டும்.

நீரால் நிலத்தை அறியும் மக்கள் வன்னியிலும் உண்டு. காணிக்காகப் போராடும் மக்களும் உண்டு. 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குத் திரும்பவில்லை. ஊர் படையினர் கையில் இருந்ததால் வேறிடத்தில் விடப்பட்டனர். 2017 சனவரி 31ஆம் நாள் பிலக்குடியிருப்புப் பெண்கள் தம் காணியின் வாயிலில் அமர்ந்து, வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் அசையாதிருந்து, மார்ச் 1ஆம் நாள் காணிக்குள் கால்வைத்தார்கள். கேப்பாப்புலவின் ஏனைய காணிகளுக்கான போராட்டம் அதன் பின்னும் நீண்டது. எந்த மரம் எந்த எல்லையில் நின்றது, எந்தக் கிணறு யாருக்குப் பொது, எந்த ஒழுங்கையால் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர் என்பது அப்பெண்களுக்குத் தெரியும். போரில் பத்திரத்தை இழந்தவர்களிடம் எஞ்சியிருப்பது இந்த அறிவுதான். அதனை வரையத் தெரிந்தவன் ஓவியன். அவன் இன்னும் அவர்களிடம் போதிய அளவு செல்லவில்லை என்பதே நம் முறைப்பாடு.

வன்னியை வரைய முனையும் இளம் ஓவியர்களுக்குச் சில சொற்கள். பழைய தேசப்படங்களைத் தேடிப் பாருங்கள். பல்தேயஸையும் நொக்ஸையும் அங்குலப் படங்களையும் கூர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எதிரியின் ஏட்டைப் படிக்காதவன் அதற்கு மறுமொழி எழுத முடியாது. பிறகு அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போங்கள். அங்கே கமக்காரனிடமும் மீனவனிடமும், கணவனை இழந்து காணியைக் காத்து நிற்பவளிடமும், கூலிக்கு நாற்று நடுபவளிடமும் தாளை விரித்துக் காட்டுங்கள். "இதில் என்ன இல்லை?" என்று கேளுங்கள். அவர்கள் விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் உங்கள் தூரிகை தொடங்கட்டும். முசலியிலும் முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் வாழ்ந்து துரத்தப்பட்ட முஸ்லிமின் விரலும், வறுமையால் எல்லைக்குக் கொண்டுவரப்பட்ட சிங்கள உழவனின் விரலும் அத்தாளில் படட்டும். யாருடைய நீர் எது என்ற வழக்கு எழும், எழட்டும். வழக்கை மறைத்து வரையும் படம் பொய்ப்படம்.

ஓவியம் காணியை மீட்டுத் தராது என்பதை நாம் அறிவோம். காணியை மீட்பது மக்களின் ஒன்றுபட்ட போராட்டம். ஆனால் மக்கள் காணி அலுவலகத்தின் மேசைக்கு முன் நிற்கும்போது, அம்மேசையின்மீது ஒரே ஒரு தேசப்படம் மட்டும் விரிந்திருக்கலாகாது. இரண்டாவது படமொன்றை அங்கே வைப்பது ஓவியனின் வேலை. அப்படத்தைக் கண்ட கேப்பாப்புலவுக் கிழவி ஒருத்தி தன் கிணற்றை அதில் அடையாளங் காண்பாளானால், அதுவே அவ்வோவியத்துக்கு நாம் தரும் மிக உயர்ந்த மதிப்பீடு.